மத்தியக் குடியேற்றங்கள்: எல்லோரும் பென்சில்வேனியாவுக்கே ஓடியது ஏன்?

ஏட்டுப்புறா:

வணக்கம். அமெரிக்காவின் மத்தியக் குடியேற்றங்களான நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் "ரொட்டிக் குடியேற்றங்கள் (கோதுமை விளைவித்ததால் அந்தப் பெயர்), பல இன மக்கள், சமயப் பொறை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று யாரும் விளக்குவதில்லை.

நியூயார்க்குக்கு அருமையான துறைமுகம் இருந்தது, ஹட்சன் ஆறு இருந்தது, பென்சில்வேனியாவைவிட அரை நூற்றாண்டு முன்பே குடியேற்றமும் தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் 1710க்குப் பிறகு வந்த ஜெர்மானியர்களும் அயர்லாந்தின் அல்ஸ்டர் மக்களும் பெரும்பாலும் பிலடெல்பியா பக்கமே இறங்கியது ஏன்? சமய சுதந்திரம் மட்டும்தான் காரணமா? கையில் காசில்லாதவர் எப்படிக் கப்பல் ஏறினார், எப்படி நிலம் வாங்கினார்? இங்கிலாந்தே கோதுமை விளைகிற நாடாக இருக்கும்போது இவர்கள் கோதுமையை யாரிடம் விற்றார்கள்?

நிலவளவை:

சமயம் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் பட்டா.

நியூயார்க்கின் கதை 1629இல் தொடங்குகிறது. நான்கு ஆண்டுக்குள் 50 பெரியவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்துகிறவருக்கு ஆற்றின் ஒரு கரையில் 16 மைல், அல்லது இரு கரைகளிலும் 8 மைல் நீளத்துக்கு நிலம் என்று டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அறிவித்தது. அப்படித் தொடங்கியவற்றில் நிலைத்தது ஆல்பனியைச் சுற்றியிருந்த ரென்சலர்ஸ்விக் மட்டும்தான். ஆனால் 1664இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆளுநர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குப் பெரும் பண்ணைகளை எழுதிக் கொடுத்தார்கள். 1686இல் உருவான லிவிங்ஸ்டன் பண்ணை மட்டும் சுமார் 1,60,000 ஏக்கர். அங்கே போகிற புதியவருக்குக் கிடைப்பது குத்தகைதான். முதல் சில ஆண்டுகள் வாடகை இருக்காது. பிறகு ஆண்டுதோறும் இத்தனை புஷல் (தானியம் அளக்கும் அளவு) கோதுமை, இத்தனை கோழி, வண்டியும் மாடுமாக இத்தனை நாள் வேலை. காடு வெட்டி, வீடு கட்டி, வேலி போட்ட பிறகு அந்தக் குத்தகை உரிமையை விற்றால், சில பண்ணைகளில் விலையில் கால் பங்கு பண்ணைக்காரருக்குப் போய்விடும். 1700 வாக்கில் ஆளுநராக இருந்த பெல்லமான்ட் பிரபுவே இதைக் குறைகூறி லண்டனுக்கு எழுதினார்: ஆற்றைத் தாண்டினால் ஜெர்சியில் அடிமாட்டு விலைக்குச் சொந்த நிலம் கிடைக்கிறது, எந்த முட்டாள் இங்கே குத்தகைக்கு வருவான் என்பது அவர் வாதம்.

பென்சில்வேனியாவில் 1681இலிருந்தே நிலம் கிரயத்துக்குக் கிடைத்தது. அதை நிறுவிய வில்லியம் பென்னின் தந்தைக்கு அரசர் தர வேண்டிய 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாகக் கிடைத்த பிரதேசம் அது. பென்னுக்குப் பணம் வேண்டும் என்றால் நிலம் விற்றாக வேண்டும். முதல் வாங்குநர்களுக்கு 5,000 ஏக்கர் 100 பவுண்டு. அதற்கு மேல் ஆண்டுக்கு 100 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் நிலவாடகை; நிலம் சொந்தமானாலும் பென் குடும்பத்துக்குக் கட்டும் வரி போன்றது இது. வேலையாளைக் கூட்டிவந்தால் தலைக்கு 50 ஏக்கர் எஜமானுக்கு. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேலையாளுக்கும் 50 ஏக்கர். 1732இலிருந்து விலை 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங், வாடகை ஏக்கருக்கு அரைப் பென்னி என்று ஏறியது. ஏறிய பிறகும் அது கிரயம்தான், குத்தகை இல்லை.

நடைமுறை இப்படி: நில அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒரு பங்குத் தொகை கட்டினால் அளப்பதற்கான ஆணை வரும். மாவட்ட அளவர் வந்து மரங்களில் வெட்டுக்குறி போட்டு எல்லையை வரைந்து அலுவலகத்துக்கு அனுப்புவார். மீதித் தொகையும் கட்டணமும் கட்டினால் பட்டா. சிக்கல் கடைசிப் படியில்தான். பட்டா வாங்கினால் பாக்கி வாடகை முழுவதையும் கட்ட வேண்டும் என்பதால், பலர் ஆணையோடும் அளவையோடும் நிறுத்திக்கொண்டு, அதையே பிள்ளைகளுக்கும் வாங்கியவர்களுக்கும் கைமாற்றினார்கள். பென் 1718இல் இறந்து அவர் உயில்மேல் வழக்கு நடந்ததால் 1732 வரை நில அலுவலகம் இயங்கவே இல்லை. வந்தவர்கள் காத்திருப்பார்களா? ஆவணமில்லாமல் காட்டைத் திருத்திக் குடியேறிவிட்டார்கள். தெற்கு எல்லையில் இன்னும் மோசம்: ஒரே நிலத்துக்கு மேரிலாந்தும் பட்டா கொடுத்தது. 1763 முதல் 1767 வரை மேசன், டிக்சன் என்ற இரு அளவர்கள் எல்லைக் கோடு போட்ட பிறகுதான் அது அடங்கியது.

நியூயார்க்கின் பெயர் ஜெர்மானியர்களிடையே கெட்டதற்கு ஒரு குறிப்பிட்ட சம்பவமும் உண்டு. 1710இல் ராணி ஆனின் அரசு ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியைச் சேர்ந்த சுமார் 3,000 அகதிகளை ஹட்சன் கரைக்கு அனுப்பியது. கடற்படைக் கப்பல்களுக்குத் தார் காய்ச்சித் தந்து பயணக் கடனை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பைன் மரத்தின் பட்டையை உரித்து, பிசின் கீழே சேர ஓரிரு ஆண்டுகள் விட்டு, பிறகு வெட்டிச் சூளையில் மெதுவாக எரிக்க வேண்டும். ஆனால் அங்கே நின்றது பெரும்பாலும் வெள்ளைப் பைன். தாருக்கு வேண்டிய பிசின் அதில் போதாது. லண்டனில் அமைச்சரவை மாறியதும் பணமும் நின்றது. 1712 செப்டம்பரில் ஆளுநர் ஹன்டர் "உங்கள் பிழைப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கைவிரித்துவிட்டார். ஷோஹாரி பள்ளத்தாக்குக்குப் போனவர்களுக்கு அங்கேயும் பட்டாத் தகராறு. 1723இல் சில குடும்பங்கள் சஸ்குவஹானா ஆற்றோடு இறங்கிப் பென்சில்வேனியாவின் டல்பஹாக்கனுக்குப் போய்ச் சேர்ந்தன.

கப்பல்கணக்கு:

நிலவளவை சொன்னது முழுக்கச் சரி. காசில்லாதவர் கப்பல் ஏறிய கதையை நான் சொல்கிறேன். இரண்டு தனித்தனி வழிகள் இருந்தன. பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒன்று, ஒப்பந்த வேலையாள். புறப்படும் துறைமுகத்திலேயே இத்தனை ஆண்டு என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். கப்பல்காரர் அந்த ஒப்பந்தத்தை அக்கரையில் விற்பார். அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து வந்த தனி ஆட்களுக்கு இதுதான் வழக்கம்.

இரண்டாவது, ஜெர்மானியக் குடும்பங்களின் வழி. இவர்கள் கையில் இருப்பதைக் கட்டிவிட்டு மீதியைக் கடனாக வைத்து ஏறுவார்கள். பிலடெல்பியாவில் இறங்கியதும் உறவினரோ ஊர்க்காரரோ வந்து பாக்கியைக் கட்டினால் விடுதலை. இரண்டு வாரம் போல அவகாசம். யாரும் வராவிட்டால் அந்தப் பாக்கிக்கு ஈடாக வேலை ஒப்பந்தம், பெரியவருக்கு வழக்கமாக 3 முதல் 6 ஆண்டு. பிள்ளைகளின் காலத்தை நீட்டி விற்றுப் பெற்றோர் தப்பிப்பதும் நடந்தது. அப்படிப் போன பிள்ளை 21 வயது வரை வேறு வீட்டில். பாதி வழிக்கு மேல் வந்த பிறகு கணவன் இறந்தால் அவருடைய கட்டணமும் மனைவி தலையில்தான்.

செலவு ஏறிய இடம் கடல் மட்டுமல்ல. ரைன் ஆற்றில் ராட்டர்டாம் வரை வருவதற்குள் சுங்கச் சாவடி சாவடியாக நிற்க வேண்டும்; அதற்கே நான்கு முதல் ஆறு வாரம். பிறகு ஆங்கிலச் சட்டப்படி கௌஸ் போன்ற ஓர் ஆங்கிலத் துறைமுகத்தில் சுங்கம் முடிக்க வேண்டும். அதன் பிறகே 8 முதல் 12 வாரக் கடல். கொண்டுவந்த பணம் புறப்படுவதற்கு முன்பே கரைந்துவிடும்.

கூட்டம் நெருக்கி ஏற்றியதால் காய்ச்சல். 1750இல் பென்சில்வேனியா சட்டமன்றம் ஒரு முழுக்கட்டணப் பயணிக்கு 6 அடி நீளம், 18 அங்குல அகலம் இடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. உயரம் எவ்வளவு என்று எழுதவில்லை. ஒரு தட்டுக்கு மேல் இன்னொரு தட்டாகப் படுக்கை அடித்து, அதே இடத்தை மறுபடி மறுபடி விற்றார்கள். 1764இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஜெர்மானியர் சங்கம் போராடியதால் அடுத்த ஆண்டு அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

அல்ஸ்டர் மக்கள் ஏன் டெலவேர் ஆற்றுக்கே வந்தார்கள் என்பதற்குப் பதில் ஆளி விதையில் இருக்கிறது. மெல்லிய லினன் துணிக்கு நார் வேண்டுமென்றால் ஆளிச் செடியை விதை முற்றுவதற்கு முன் பச்சையாகப் பிடுங்க வேண்டும். அப்போது அடுத்த ஆண்டுக்கு விதை மிஞ்சாது. அயர்லாந்து ஆண்டுதோறும் விதையை வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். பென்சில்வேனியா, நியூயார்க் விவசாயி செடியை முற்றவிட்டு விதையாக விற்றார். 1731இல் இந்த விதை அமெரிக்காவிலிருந்து நேரே அயர்லாந்துக்குப் போக அனுமதி கிடைத்தது. ஒரு பெரிய பீப்பாய்க்கு 7 புஷல் அடைத்து, நவம்பர் முதல் ஜனவரிக்குள் கப்பல் கிளம்பிவிட வேண்டும். வசந்த விதைப்புக்குள் லண்டன்டெரி, நியூரி, பெல்ஃபாஸ்ட் போய்ச் சேராவிட்டால் அந்தச் சரக்கு எண்ணெய்க்குத்தான் ஆகும். திரும்பும்போது என்ன ஏற்றுவது? லினன் துணி விலையுயர்ந்தது, ஆனால் இடத்தை அடைக்காது. கப்பலின் தட்டு காலி. அந்தக் காலி இடத்தில் ஆள் ஏற்றினார்கள். நியூயார்க்கும் விதை அனுப்பியதுதான், ஆனால் ஆட்களுக்கு அங்கே நிலவளவை சொன்ன பண்ணைத் தொல்லை. அதனால் கப்பல்கள் டெலவேரின் நியூகாசிலிலும் பிலடெல்பியாவிலும் அவர்களை இறக்கிவிட்டன.

திண்ணைவாசி:

நிலம், கப்பல் இரண்டும் சரி. ஆனால் சமயப் பொறையைக் கொஞ்சம் குறைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது பட்டாவோடு நேரடியாகப் பிணைந்தது. வெளிநாட்டவர் குடியுரிமை பெறாமல் இறந்தால் அவர் நிலம் வாரிசுக்குப் போகாமல் ஆட்சியாளரிடம் திரும்பிவிடும் அபாயம் இருந்தது. 1740இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குடியேற்றங்களுக்கான சட்டம் கொண்டுவந்தது: ஏழு ஆண்டு வசித்திருக்க வேண்டும், இடையில் தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது, ஒரு புராட்டஸ்டன்ட் சபையில் திருவிருந்து பெற்ற சான்று வேண்டும், நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்வதில்லை என்ற கொள்கையுடைய கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களுக்கு உறுதிமொழி போதும். யூதர்களுக்குத் திருவிருந்துச் சான்றிலிருந்து விலக்கு. கத்தோலிக்கர்களுக்கு வழியே இல்லை.

பென்சில்வேனியாவின் 1701ஆம் ஆண்டுச் சாசனமும் ஒரே கடவுளை ஏற்கும் எவரையும் வழிபாட்டுக்காகத் துன்புறுத்தக் கூடாது என்றது. பதவிக்கு மட்டும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே இருந்த இந்தப் பொறை இல்லாமல், 1683இல் பாஸ்டோரியஸ் நிறுவிய ஜெர்மன்டவுனுக்கு வந்த ஜெர்மனியின் கிரேஃபெல்ட் ஊரின் 13 குடும்பங்களோ, பின்னால் வந்த மெனோனைட்கள், மொராவியர்கள் போன்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரோ இந்த இடத்தைத் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

நியூயார்க்கிலும் பல இனம் இருந்தது, அதைவிட முன்பே. 1643 வாக்கில் 18 மொழி பேசுகிறார்கள் என்று ஆளுநர் கீஃப்ட் சொன்னதாக ஏசுசபைப் பாதிரியார் ஐசக் ஜோக்ஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே அது கம்பெனியின் வியாபாரக் கணக்கு. 1654இல் பிரேசிலின் ரெசிஃபேயிலிருந்து வந்த 23 யூதர்களை அப்போதைய ஆளுநர் ஸ்டைவசன்ட் விரட்டப் பார்த்தார். கம்பெனியில் யூதர்களின் முதலீடும் இருந்தது, அதனால் மேலிடம் தடுத்தது. 1657இல் குவேக்கர்களுக்காக ஃபிளஷிங் ஊரார் எழுதிய மனு அதற்கு நேர்மாறான வகை. அதில் கையெழுத்திட்டவர்கள் யாரும் குவேக்கர் இல்லை, கைதாகும் அபாயத்தோடுதான் கையெழுத்திட்டார்கள். எனக்கு இந்தக் காலத்தில் மிகவும் மதிப்புக்குரிய ஆவணம் அதுதான்.

ஏட்டுப்புறா:

ஆளி விதைச் செய்தி எந்தப் பாடநூலிலும் பார்க்காதது, மிக்க நன்றி. கோதுமையை யார் வாங்கினார்கள் என்பதும், ஜெர்மானியர்கள் சுண்ணாம்பு மண்ணைத் தேடிப் பிடித்தார்கள், அல்ஸ்டர் மக்கள் மலைப்பக்கத்தை விரும்பினார்கள் என்று சொல்வது உண்மையா என்பதும் பாக்கி.

மாவாலை:

மண் விஷயம் முதலில்: யார் எப்போது வந்தார்கள், அப்போது எந்த நிலம் விலைக்கு இருந்தது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்தது. லங்காஸ்டரின் சுண்ணாம்பு மண்ணில் அல்ஸ்டர் மக்களும் இருந்தார்கள். களிக்கல் மேட்டில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள்.

இனி கோதுமை. இங்கிலாந்து வாங்கவில்லை; அதன் தானியச் சட்டங்கள் வெளித் தானியத்துக்கு வரி போட்டுத் தடுத்தன. நல்லதாகப் போயிற்று. புகையிலை, சர்க்கரை போல "இங்கிலாந்துக்கு மட்டுமே" என்ற பட்டியலில் கோதுமையும் மாவும் சேரவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்கள் பெரும்பாலும் கரும்புக்கே நிலம் ஒதுக்கியதால் உணவை இறக்குமதி செய்தன. மாவு, கப்பல் ரொட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி, பீப்பாய்ப் பலகை அங்கே போயின. சர்க்கரையும் ரம்மும் பாகும் திரும்பி வந்தன. லிஸ்பன் பக்கம் போன கோதுமைக்கு லண்டன் உண்டியல், அதாவது லண்டனில் பணமாகும் மாற்றுச்சீட்டு, கிடைத்தது. அந்த உண்டியலை வைத்துத்தான் ஆங்கிலேயத் துணிக்கும் ஆணிக்கும் விலை கொடுத்தார்கள்.

ஒரு பண்ணையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிலம் 125 ஏக்கர் என்றாலும் கோதுமை 8 ஏக்கர் அளவில்தான். ஏக்கருக்கு 10 புஷல், மொத்தம் 80. விதைக்கு 10, குடும்பச் சாப்பாட்டுக்கு 30 எடுத்தால் மிச்சம் 40. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு, அதற்குச் சுமார் நாலரை புஷல் கோதுமை. ஆக, ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒன்பது பீப்பாய்க்குக் கொஞ்சம் குறைவாக விற்கும். அதிகம் விதைக்கலாமே என்று தோன்றும். அறுவடைதான் தடை: ஜூலைத் தொடக்கத்தில் கதிர் முற்றினால் இரண்டு வாரத்துக்குள் அறுக்காவிட்டால் மணி உதிரும், அரிவாளோடு ஒருவர் நாளுக்கு முக்கால் ஏக்கர்தான் அறுப்பார். ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் புகையிலை போல இல்லாமல், இரண்டு வாரம் மட்டும் ஊரே கூடும் பயிர் இது. குடும்பப் பண்ணை நிலைத்ததற்கும் அதுவே காரணம்.

மாவு கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. தானியம் ஈரமாக இருந்தால் பீப்பாய்க்குள் சூடேறிப் புளிக்கும். ஆலைக்கல்லை வேகமாகவும் நெருக்கமாகவும் ஓட்டினாலும் அதே கதி. பச்சை மரத்தில் செய்த பீப்பாய் காய்ந்து இடைவெளி விட்டால் வண்டு நுழையும். ஜமைக்கா வெயிலில் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் துறைமுகத்தின் பெயரே கெட்டுவிடும். அதனால்தான் 1720களிலேயே பென்சில்வேனியா ஏற்றுமதி மாவுக்குச் சோதனைச் சட்டம் கொண்டுவந்தது: ஆலைக்காரர் தன் முத்திரையைப் பீப்பாயில் சுட்டுப் பதிக்க வேண்டும், சோதனையாளர் துளையிட்டு அடிவரை மாவெடுத்துப் பார்ப்பார், தேறாததை ஏற்றக் கூடாது. நியூயார்க் போன வழி வேறு. 1680 வாக்கிலிருந்து 1694 வரை ஏற்றுமதி மாவைச் சலிக்கும் உரிமை நகரத்துக்கு மட்டும் என்று வைத்திருந்தது. நகரம் கொழித்தது, அதன் முத்திரையில் இன்றும் மாவுப் பீப்பாய்கள் இருக்கின்றன. உள்நாட்டு ஊர்களுக்கு அது தீராத மனக்குறை.

பணப்புழக்கம் இல்லாமல் இவ்வளவும் நடக்காது. 1723இல் பென்சில்வேனியா பொதுக் கடன் அலுவலகம் திறந்து காகிதப் பணம் அச்சிட்டது. முதலில் 15,000 பவுண்டு, அந்த ஆண்டுக்குள் மேலும் 30,000. நிலத்தை அடமானம் வைத்தால் அதன் மதிப்பில் பாதி வரை கடன், 5 சதவீத வட்டி, ஆண்டுத் தவணை. அந்த வட்டியே அரசின் செலவைப் பெருமளவு தாங்கியது. நிலப் பட்டா இல்லாமல் இந்தக் கடன் கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பலவீனம் புவியியலில் இருந்தது. சஸ்குவஹானா ஆறு பிலடெல்பியாவுக்கு வராது, செசபீக் விரிகுடாவுக்குப் போகும். மேற்கே குடியேற்றம் நகர நகர அந்தக் கோதுமை 1729இல் உருவான பால்டிமோருக்கு இறங்கியது. பிலடெல்பியா தரைவழியையே நம்பியது: அடி வளைந்த கானெஸ்டோகா வண்டி, நான்கு முதல் ஆறு குதிரை. 1755இல் பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படைக்காக பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 150 வண்டி திரட்டியபோது, நாலு நல்ல குதிரையும் வண்டியோட்டியும் சேர்த்து நாளுக்கு 15 ஷில்லிங் என்று விளம்பரம் செய்தார்.

கரைமரம்:

மேலே யாரும் சொல்லாததைச் சேர்க்கிறேன். அந்த மாவைத் தின்றது அடிமைத் தோட்டங்கள். குடியேற்றங்களுக்கு உள்ளேயும் அடிமைகள் இருந்தார்கள். 1740களில் நியூயார்க் நகரில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1741இல் தீவைப்புச் சதி என்று குற்றம்சாட்டி 13 கறுப்பினத்தவரை உயிரோடு எரித்தார்கள், 17 பேரைத் தூக்கிலிட்டார்கள், நான்கு வெள்ளையரையும். "பல இன மக்கள்" என்று பட்டியலிடும்போது இவர்களை விட்டுவிட்டு எழுதக் கூடாது. ஜெர்மன்டவுனில் 1688இலேயே நான்கு பேர் அடிமை வியாபாரத்தை எதிர்த்து மனு எழுதினார்கள். குவேக்கர் ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்களுக்கு அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்ய 1776 ஆயிற்று.

நிலவளவை சொன்ன மலிவான நிலமும் லெனாப்பி என்ற பூர்வகுடி மக்களுடையது. பென் விலை கொடுத்து வாங்கினார். அவர் மகன்கள் 1737இல் செய்தது வேறு. 1686ஆம் ஆண்டு ஒப்பந்தம் என்று ஒன்றைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒருவர் நடக்கும் தூரம் எங்களுக்கு என்றார்கள். முன்கூட்டியே பாதையை வெட்டிச் சரிசெய்து, வேகமாக நடக்கும் மூன்று பேரை அனுப்பினார்கள். எட்வர்ட் மார்ஷல் மட்டும் முடித்தார், ஏறத்தாழ 65 மைல். அதன் பிறகும் ஒரு தந்திரம்: முடிந்த இடத்திலிருந்து டெலவேர் ஆற்றுக்குக் குறுக்குவழியில் கோடு போடாமல் சாய்த்துப் போட்டு, சுமார் 1,200 சதுர மைலை வளைத்தார்கள். 1750களில் எல்லைப்புறம் பற்றி எரிந்ததற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

ஏட்டுப்புறா:

நன்றி, கரைமரம். இதைத் தனியாகவே படிக்க வேண்டும். கடைசியாக ஒன்று: சில ஆவணங்களில் பென்னுக்கு அரசர் பிரதேசத்தைக் கொடுத்த சாசனத்துக்கு 1680 என்றும் சிலவற்றில் 1681 என்றும் இருக்கிறது. எது சரி?

நிலவளவை:

இரண்டும் ஒரே நாள்தான், மார்ச் 4. 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். அதனால் அன்றைய எழுத்தருக்கு அது இன்னும் 1680. நீங்கள் 1681 என்றே எழுதுங்கள். குவேக்கர் பதிவுகளில் மாதத்தை எண்ணால்தான் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் "முதல் மாதம்" என்றால் மார்ச். ஜனவரி என்று எடுத்துக்கொண்டால் வயதும் திருமணமும் எல்லாம் இரண்டு மாதம் தள்ளிப்போகும். பவுண்டிலும் கவனம்: 18ஆம் நூற்றாண்டின் நடுவில் 100 ஸ்டெர்லிங் பவுண்டுக்குப் பென்சில்வேனியாப் பணம் 160, 170 வரை போனது. விலையைப் பார்த்தால் எந்தப் பவுண்டு என்று முதலில் பாருங்கள். 1732க்குப் பிந்தைய அந்த 15 பவுண்டு 10 ஷில்லிங் உள்ளூர்ப் பணம்.